அம்மாவின் நினைவு மலரை அச்சடித்த வேலூர் அச்சகம்

வேலூர் லாங்கு பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில், மாடியில் ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது. என் அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு அங்கேதான் நினைவு மலர் அச்சடித்தோம். டெம்மி அளவு, 64 பக்கம், 150 பிரதி. கடைப் பெயரை எங்கும் போட வேண்டாம் என்று அச்சகக்காரர் கேட்டுக்கொண்டார். மூன்று பேர் வேலை செய்யும் இடம், இதற்கு மேல் ஆர்டர் வந்தால் செய்கிற வேலை கெட்டுவிடும் என்றார். அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன். கல்யாணப் பத்திரிகை மாதிரிகளைத் தொங்கவிட்டிருக்கும் கடைகளில் "நினைவு மலர் போடுற மாடி அச்சகம்" என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.

அவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்று சொல்வதற்கு முன்னால், அம்மா யார் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். வேலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருப்பது புதிதில்லை. கம்மவான்பேட்டையை மிலிட்டரி பேட்டை என்றே சொல்வார்கள். அம்மா பிறந்த ஊரும் அந்தப் பக்கம்தான். மாமாக்கள் இரண்டு பேரும் மெட்ராஸ் ரெஜிமென்ட். அம்மா ராணுவ செவிலியர் பணியில் சேர்ந்தார். 1969இல் லெப்டினன்ட். 1971இல் கல்கத்தா அலிப்பூர் ராணுவ மருத்துவமனையில் இருந்தார். தங்கைகள் இரண்டு பேருக்கும் தன் சம்பளத்தில் கல்யாணம் செய்துவைத்துவிட்டு, 1978இல் கேப்டனாக இருக்கும்போது அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு பணியை விட்டார். அப்புறம் நானும் தம்பியும். எங்களை வளர்த்ததோடு, காட்பாடியில் எங்கள் தெருவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கடைசி வரைக்கும் சம்பளமில்லாத நர்ஸாக இருந்தார். 2024 ஐப்பசியில் காலமானார்.

நினைவு மலர் வேலையை முதலில் இணையத்தில் செய்து தரும் ஒரு நிறுவனத்திடம்தான் கேட்டோம். புகைப்படம், பெயர், பிறந்த தேதி, மறைந்த தேதி, மகன் மகள் பேரன் பேத்தி பெயர்கள். இவ்வளவுதான் கேட்டார்கள். மறுநாளே மாதிரி வந்துவிட்டது. மேலே விளக்கு, பக்கவாட்டில் தாமரை, உள்ளே "பாசத்தின் சிகரமே, தியாகத்தின் திருவுருவே" என்று பன்னிரண்டு வரி. அச்சு சுத்தமாக இருந்தது, விலையும் குறைவு. துக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்த வேகம் ஒரு உதவிதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பன்னிரண்டு வரியில் அம்மா எங்குமே இல்லை. பெயரை எடுத்துவிட்டு எந்த அம்மாவின் பெயரையும் அங்கே வைத்துவிடலாம். என் சித்திதான் இந்த மாடி அச்சகத்தைப் பற்றிச் சொன்னார். அவர் வீட்டுக்காரருக்கு இங்கேதான் மலர் போட்டிருந்தார்கள்.

இங்கே போனதும் முதலில் கையில் கொடுத்தது விலைப்பட்டியல் இல்லை, கேள்வித் தாள். கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்தது, மூன்று பக்கம். முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார்? எதற்குக் கோபப்படுவார்? ராத்திரி நேரத்தில் இவரைத் தேடி வந்தவர்கள் யார்? சமையலில் எதைச் செய்யப் பிடிக்காது? வீட்டில் எந்த அலமாரி அவருடையது, அதில் இப்போது என்ன இருக்கிறது? இப்படிப் போகும். அதோடு, குடும்பத்துக்கு வெளியே இருந்து குறைந்தது நான்கு பேர் ஆளுக்கு அரைப் பக்கமாவது எழுத வேண்டும், எழுத வராதவர்கள் பேசினால் போதும் என்றார்கள். டிடிபி, அதாவது கணினியில் பக்கம் அமைக்கும் வேலை செய்யும் பெண் (அவரும் பெயர் வேண்டாம் என்றார்) தானே வீட்டுக்கு வந்து, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து செல்பேசியில் பதிவு செய்துகொண்டு போனார். அப்பாவுக்கு 82 வயது, காது சரியாகக் கேட்காது. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் அந்தப் பெண்ணின் குரலில் அவசரமே வரவில்லை. "அப்பா, நீங்க நிதானமா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடி வைத்துவிட்டார். அப்பா எங்களிடம்கூடச் சொல்லாத விஷயங்களை அன்றைக்குச் சொன்னார்.

மலரை எப்படி அடுக்குவது என்பதில்தான் பெரிய பேச்சு நடந்தது. எங்கள் சொந்தக்காரர்கள் மூன்று பகுதியாகப் பிரிக்கச் சொன்னார்கள்: அன்புத் தாய், ராணுவ வீராங்கனை, சமூக சேவகி. மேடையில் பேசுவதற்கு அது வசதிதான். அச்சகக்காரர் வேண்டாம் என்றார். "வருஷப்படி போடுங்கம்மா. ஒரே ஆளை மூணா வெட்டினா ஒண்ணுக்கொண்ணு என்ன சம்பந்தம்னு படிக்கிறவங்களுக்குத் தெரியாமப் போயிடும்" என்றார். எனக்கு அது உடனே சரி என்று பட்டது. மலர் கைக்கு வந்த பிறகு, அந்த ஒரு முடிவுக்காகவே அவருக்குக் கொடுத்த பணம் தகும் என்று நினைக்கிறேன்.

உப்புச் சர்க்கரைக் கரைசலையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் அம்மா எண்பதுகளில் பெயின்ட்டால் எழுதியது இன்னும் மங்கலாக இருக்கிறது: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், சர்க்கரை ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், தலை தட்டி அளக்கவும். தெருவில் எந்தக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றாலும், "முதல்ல தண்ணியைக் கொடு, அப்புறம் டாக்டர்கிட்ட ஓடு" என்பார். இது எங்களுக்கு வழக்கமான அம்மா. "இதை எங்கே கத்துக்கிட்டாங்க?" என்று டிடிபி பெண் கேட்டார். நாங்கள் யாரும் அதை யோசித்ததே இல்லை. சித்திக்குத்தான் தெரிந்திருந்தது. கல்கத்தாவில் இருந்தபோது அகதி முகாம்களைப் பற்றிக் கேள்விப்பட்டது என்று அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த வரலாறு பெரியது. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி வந்தார்கள். முகாம்களில் காலரா பரவியது. நரம்பு வழி ஏற்றும் திரவம் போதவில்லை. வங்க எல்லையில் உள்ள பன்காவ் மருத்துவமனையில் டாக்டர் திலீப் மஹலானபிஸ் என்பவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்களில் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு இருபது முப்பது என்று இருந்த சாவு, அந்தத் தண்ணீர் கொடுத்த இடத்தில் நாலுக்கும் கீழே இறங்கியது. 2022இல் அவர் காலமானார், மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள். அம்மா அந்த முகாமில் வேலை செய்யவில்லை. அவர் பார்த்தது ராணுவ மருத்துவமனையில் காயம்பட்டு வந்த வீரர்களை. ஆனால் அதே ஊரில் அதே வருடம் காதில் விழுந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, பத்துப் பதினைந்து வருடம் கழித்துக் காட்பாடியில் ஒரு தொட்டிச் சுவரில் எழுதியிருக்கிறார். மலரில் 1971க்கான பக்கத்தில் இந்தச் செய்தியை நாலு வரியில் சொல்லிவிட்டு, சுவரின் படத்தை 1985ஐ ஒட்டிய பக்கத்தில் முழு அகலத்துக்குப் போட்டிருக்கிறார்கள். மூன்று பகுதியாகப் பிரித்திருந்தால் ஒன்று ராணுவத்திலும் இன்னொன்று சேவையிலும் போய் உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு பக்கமும் அப்படித்தான். எனக்கு ஏழு வயதில் டைபாய்டு வந்தது. அம்மா கிராஃப் தாளில் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ச்சல் அளவைக் குறித்துக் கோடு போட்டு, கட்டில் கம்பியில் மாட்டிவைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் போடுவது போலவே நாடி, மூச்சு, மலம், சிறுநீர் எல்லாம் கீழே. ஓரத்தில், அதே பேனாவில், "ரசம் சாதம் இரண்டு வாய் சாப்பிட்டாள்" என்று ஒரு வரி. அலமாரியில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் இந்தத் தாள் கிடைத்தது. நான் இதை ஒரு ஓரத்தில் சின்னதாகப் போடலாம் என்றேன். அச்சகக்காரர் முழுப் பக்கம் கொடுத்தார். மலரைப் படித்தவர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் பேசியது அந்தப் பக்கத்தைப் பற்றித்தான்.

பதக்கங்கள் விஷயத்தையும் சொல்ல வேண்டும். அம்மாவிடம் இரண்டு பதக்கம் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் எழுதிக் கொடுத்த குறிப்பில் "போர்க்களத்தில் காட்டிய வீரத்துக்காகக் குடியரசுத் தலைவரிடம் வீர விருது பெற்றவர்" என்று இருந்தது. அன்பில் எழுதியதுதான். அச்சகக்காரர் அதை அப்படியே ஏற்றிவிடவில்லை. தனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரைக் கூப்பிட்டு, பதக்கங்களைக் காட்டி விவரம் கேட்டார். ஒன்று சங்க்ராம் பதக்கம். 1971 போரை ஒட்டி, மேற்கு வங்கம் உட்படக் குறிப்பிட்ட மாநிலங்களில் பணியில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. இன்னொன்று சுதந்திர வெள்ளி விழாப் பதக்கம், 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கு. இரண்டும் வீர விருது இல்லை. விளிம்பில் பொறித்திருந்த அம்மாவின் பெயரையும் எண்ணையும் அவர்தான் லென்ஸ் வைத்துக் காட்டினார். அந்த விளிம்பைத் தனியாகப் படமெடுத்துப் போட்டு, கீழே பதக்கத்தின் பெயரும் எதற்குக் கொடுத்தது என்பதும் மட்டும் அச்சிட்டார்கள். பெரியவர் ஒருவருக்கு இதில் வருத்தம்தான். எனக்கு இல்லை. மருந்து அளவில் ஒரு சொட்டு கூடிவிடக் கூடாது என்று வாழ்ந்த அம்மாவுக்கு, இல்லாத விருதை மாட்டி அனுப்புவது எப்படிப் பொருந்தும்?

சுபேதார் இன்னொன்றும் சொன்னார். ராணுவத்தில் நர்ஸ் என்றால் ஏதோ ஆஸ்பத்திரி வேலை என்று ஊரில் நினைக்கிறார்கள், அவர்கள் குடியரசுத் தலைவரின் கமிஷன் பெற்ற அதிகாரிகள், நான் சுபேதாராக இருந்தபோது உங்க அம்மா எதிரே வந்திருந்தால் சல்யூட் வைத்திருப்பேன் என்றார். அதை அவர் பெயரில்லாமல் மலரில் சேர்த்துக்கொண்டோம். அப்பா அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்கிறார்.

பழைய புகைப்பட வேலை சுமாருக்கு மேல், பிரமாதம் என்று சொல்ல முடியாது. 1969இல் எடுத்த சீருடைப் படம் ஒன்றுதான் நல்ல நிலையில் இருந்தது, அதிலும் மூலையில் பூஞ்சை. 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, முகத்தில் கை வைக்காமல் பின்னணியை மட்டும் சுத்தம் செய்தார்கள். இப்போது எல்லாப் படத்துக்கும் கணினியிலேயே வண்ணம் ஏற்றித் தருகிறார்களே, அதைக் கேட்டுப் பார்த்தோம். ஏற்றிக் காட்டினார்கள். சீருடை நீல நிறத்தில் வந்தது. சரியான நிறம் உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் கறுப்பு வெள்ளையாகவே இருக்கட்டும் என்றார் அந்தப் பெண். அப்படியே விட்டோம்.

வெளியாட்கள் பேசிய பகுதி 14 பக்கம் வந்தது. ஆட்டோ ஓட்டும் ஒருவர், பல்ஸ் போலியோ ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவை அங்கன்வாடிக்கு ஏற்றிக்கொண்டு போனதைச் சொல்லியிருக்கிறார். 1995இல் அந்தத் திட்டம் வந்ததிலிருந்து முழங்கால் ஒத்துழைத்த வரைக்கும் அம்மா ஒரு முகாமையும் விடவில்லை. சொட்டு மருந்து விட்டு, இடது சுண்டு விரலில் மை வைத்து முடித்த பிறகு, எந்த வீட்டுக் குழந்தை வரவில்லை என்று பட்டியலோடு கிளம்பிவிடுவாராம். "அம்மா வண்டியில இருந்து இறங்கினாலே வாசல்ல நிக்கிற பொம்பளைங்க புள்ளையைத் தூக்கிட்டு வந்துடுவாங்க" என்று அவர் பேசியதை அப்படியே, இலக்கணம் திருத்தாமல் போட்டிருக்கிறார்கள். தென்கிழக்கு ஆசியா போலியோ இல்லாத பகுதி என்று 2014 மார்ச்சில் அறிவிப்பு வந்த அன்று அம்மா அங்கன்வாடி ஆயாவுக்குக் கேசரி கிளறிக் கொண்டுபோனது எனக்கே இந்த மலரில் படித்துத்தான் தெரியும். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கீச்சாங்குப்பத்தில் காயங்களுக்குக் கட்டுப் போடப் போன குழுவில் இருந்த ஓர் அக்கா, அம்மாவுக்கு அப்போது 57 வயது, எங்களைவிட முன்னால் எழுந்து வெந்நீர் போட்டு வைத்திருப்பார் என்று எழுதியிருக்கிறார். எதிர்வீட்டுப் பாட்டிக்குப் படுக்கைப் புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு பக்கம். இவையெல்லாம் அந்தக் கேள்வித் தாள் இல்லாவிட்டால் எங்களிடம் வந்தே இருக்காது.

கடைசிப் பக்கங்களில் ஒரு செய்தித்தாள் துண்டு. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ராணுவ செவிலியர் பணியில் இருந்த லெப்டினன்ட் செலினா ஜான், கல்யாணம் செய்துகொண்டதற்காக 1988இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர். அவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும், பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதைக் காரணம் காட்டி வேலையை முடிப்பது அப்பட்டமான பாகுபாடு என்றது நீதிமன்றம். அந்த விதி 1977இல் வந்தது, 1995இல் திரும்பப் பெறப்பட்டது. அம்மா இந்தச் செய்தியைக் கத்தரித்து, தேதி எழுதி, தன் பதக்கங்கள் இருந்த டப்பாவில் வைத்திருந்தார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதற்கு விளக்கம் எழுதலாமா என்று நாங்கள் யோசித்தோம். அம்மா சொல்லாததை நாம் சொல்ல வேண்டாம், துண்டை மட்டும் அவர் கையெழுத்துத் தேதியோடு போடுவோம் என்றார் அச்சகக்காரர். 2024ஆம் ஆண்டுப் பக்கத்தில் அது அப்படியே இருக்கிறது.

குறைகள் உண்டு. பளபளப்பான ஆர்ட் பேப்பரில் போட்டதால் டியூப்லைட் வெளிச்சத்தில் கறுப்பு வெள்ளைப் படங்கள் கண்ணைக் கூசுகின்றன. மேட் தாள் கேளுங்கள், விலையில் பெரிய வித்தியாசமில்லை. தாள்களை நடுவில் மடித்துச் சென்டர் பின் அடித்த மலர் என்பதால் நடுப்பக்கத்தில் இருக்கும் குடும்பப் படத்தில் பின் சரியாகத் தம்பியின் தோளில் இறங்கியிருக்கிறது. டம்மி, அதாவது மாதிரிப் பிரதி பார்க்கும்போதே அவர்கள் கவனித்திருக்க வேண்டும். பக்க எண்ணிக்கை ஃபாரம் கணக்கில்தான், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களின் தொகுதி கணக்கில்தான் போகும், இடையில் இரண்டு பக்கம் கூட்டுவது நடக்காது, அதனால் சித்தி எழுதியதைப் பாதியாக வெட்ட வேண்டி வந்தது. எங்கள் பழைய கட்டுரை ஒன்று பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் இருந்தது, அதை மாற்றும்போது சில "ஸ்ரீ"க்களும் "க்ஷ"க்களும் உடைந்து, கடைசி மெய்ப்பு வரைக்கும் தப்பித்துக்கொண்டே வந்தன. மெய்ப்பை வீட்டில் இரண்டு பேராவது பார்ப்பது நல்லது. வைகாசி, ஆவணி, தை மாதங்களில் கல்யாணப் பத்திரிகை வேலை நெருக்கும், போனைக்கூட எடுக்க மாட்டார்கள். நினைவு நாளுக்கு மூன்று மாதம் முன்னாலேயே போய்விடுவது நிம்மதி.

செலவு எங்களுக்கு அச்சுக்கு 24,000 ரூபாய், ஸ்கேன், டிடிபி, வடிவமைப்புக்குத் தனியாக 6,500. டிஜிட்டல் அச்சு. 300 பிரதிக்கு மேல் என்றால் ஆஃப்செட்டில் போட்டால் ஒரு பிரதியின் விலை இறங்கும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ரசீது கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பதிவு செய்ததற்குப் பணம் கேட்கவில்லை, ஆட்டோ காசைக்கூட நாங்கள் வற்புறுத்தித்தான் கொடுத்தோம். போகும்போது படங்களின் அசலையே கொண்டு போங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை அச்சுக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அது சரியும்கூட. கடிதம், பதக்கம், மருந்துச் சீட்டு, நோட்டு எது இருந்தாலும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், எது உதவும் என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

கோப்பை ஐந்து வருடம் வைத்திருப்பார்களாம், மறுபதிப்பு குறைந்தது 25 பிரதி. அங்கன்வாடிக்கும், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும், அம்மாவின் ஊர் நூலகத்துக்கும் கொடுக்க இன்னும் 25 சொல்லியிருக்கிறோம். இந்தத் தடவை மேட் தாளில், நடுப்படத்தை வேறு பக்கத்துக்கு மாற்றி, சித்தியின் கட்டுரையை முழுசாகச் சேர்த்து.